டார் ரிலேக்கு வேக வரம்பும் மாத வரம்பும் போடுவது எப்படி: செட்டிநாட்டு வீட்டு லைன் முதல் வாடகை சர்வர் வரை

டார் வலையமைப்புக்கு ரிலே ஓட்ட ஆசைப்பட்டுத் தொடங்குகிறவர்கள் சில மாதங்களில் அதை அணைத்துவிடுகிறார்கள். நான் பார்த்தவரை அதற்கு ஒரே காரணம்தான் திரும்பத் திரும்ப வருகிறது: வரம்பு போடாமல் ஓட்டுவது. மாதம் பாதி தாண்டியதும் வீட்டு லைன் நகர மறுக்கிறது. சிங்கப்பூரிலிருந்து பேசும் மகனின் முகம் திரையில் அப்படியே நின்றுவிடுகிறது. வீட்டுப் பெரியவர் எழுந்துபோய் ரௌட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறார், அதோடு கதை முடிந்தது. கோப்பில் நாலைந்து வரி சரியாகப் போட்டிருந்தால் அந்த ரிலே வருஷக்கணக்கில் யாருக்கும் தொந்தரவில்லாமல் ஓடியிருக்கும். அந்த வரிகளைப் பற்றியதுதான் இந்த வழிகாட்டி.

டார் என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1990-களில் அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக் கூடத்தில் உருவான யோசனை இது. இப்போது 2006-ல் தொடங்கப்பட்ட டார் புராஜெக்ட் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு இதைப் பராமரிக்கிறது. பயனரின் தரவு மூன்று ரிலேக்கள் வழியாக, அடுக்கடுக்காக மறையாக்கம் செய்யப்பட்டுப் போகிறது. முதல் ரிலேக்கு அனுப்பியவர் யார் என்று தெரியும், எங்கே போகிறது என்று தெரியாது. கடைசி ரிலேக்கு எங்கே போகிறது என்று தெரியும், யார் அனுப்பியது என்று தெரியாது. இந்த ரிலேக்களை ஓட்டுகிறவர்கள் உலகெங்கும் இருக்கும் தன்னார்வலர்கள். செலவும் அவர்களுடையது, பேண்ட்வித்தும் அவர்களுடையது.

2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் முதலில் கைவைத்தவற்றில் இணையமும் ஒன்று. அதே வருஷம் டிசம்பரில் ரஷ்யா டாரையே தடுத்தது. பர்மாவில் கொண்டுவிற்று, 1942-ல் கையில் கிடைத்ததோடு திரும்பி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் கானாடுகாத்தானிலும் இருக்கிறார்கள். அந்த மண்ணில் இருக்கும் ஒருவர் செய்தி படிப்பதற்கு நம் வீட்டு லைனில் கொஞ்சம் இடம் விடுவது எனக்குப் பெரிய காரியமாகத்தான் படுகிறது.

முதல் படி: எந்த ரிலே, எங்கே

வரம்புக்கு முன்னால் இதை முடிவு செய்ய வேண்டும். வீட்டில் ஓட்டப் போகிறீர்களா, வாடகை சர்வரிலா என்பதைப் பொறுத்துத்தான் வரம்பே மாறும்.

வீட்டு லைன் என்றால் என் பரிந்துரை பிரிட்ஜ், அதாவது டாருக்குள் நுழைய உதவும் மறைவான வாசல். சாதாரண ரிலேயின் ஐபி முகவரி பொதுப் பட்டியலில் எல்லாரும் பார்க்கும்படி இருக்கும். சில தளங்கள் அந்தப் பட்டியலை மொத்தமாக எடுத்துத் தடுத்துவிடுவதுண்டு. வங்கிச் செயலி திறக்கவில்லை, ஓடிடி ஓடவில்லை என்று வீட்டில் புகார் வந்தால் உங்கள் ரிலேயின் ஆயுள் அவ்வளவுதான். பிரிட்ஜின் முகவரி அந்தப் பட்டியலில் வராது. டார் தடுக்கப்பட்ட நாட்டில் இருப்பவருக்கு முதலில் தேவைப்படுவதும் பிரிட்ஜ்தான்.

நடு ரிலே ஓட்ட வேண்டும் என்றால் விபிஎஸ் எனப்படும் வாடகை சர்வரில் வையுங்கள். டேட்டா சென்டரில் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான இணைப்புகள் திறந்திருப்பது சாதாரணம். வீட்டு ரௌட்டருக்கு அது சுமை. 7,000 இணைப்புகளையாவது தாங்க வேண்டும் என்பது டார் புராஜெக்டின் அளவுகோல். லைனோடு இலவசமாகக் கிடைத்த ரௌட்டர் அதற்கு வெகு முன்பே தொங்கிப் போகலாம்.

கடைசியில் நிற்கும் எக்ஸிட் ரிலேயை வீட்டில் ஓட்டவே வேண்டாம். வெளியே போகும் எல்லாப் போக்குவரத்தும் உங்கள் முகவரியிலிருந்து போனதாகத்தான் பதிவாகும். காவல் துறைக் கடிதம் வந்தால் வீட்டில் யாரால் பதில் சொல்ல முடியும்? வீடோ, விபிஎஸ்ஸோ, கோப்பில் எக்ஸிட்ரிலே 0 என்ற வரியைப் போட்டுவிடுங்கள்.

அழகப்பா பல்கலைக்கழகம் போன்ற ஒரு வளாகத்தில் படிக்கிறவர்கள், வேலை பார்க்கிறவர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை. கல்வி நிறுவனங்கள் ரிலே ஓட்ட முன்வர வேண்டும் என்று, இணைய உரிமைகளுக்காகப் பாடுபடும் இஎஃப்எஃப் அமைப்பு 2023-ல் ஒரு முனைப்பைத் தொடங்கியது. வளாகத்தின் பேண்ட்வித் அதற்கு அருமையாகப் பொருந்தும். ஆனால் கணினி மையத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி கையில் இல்லாமல் விடுதி அறையிலிருந்து எதையும் ஓட்டாதீர்கள்.

இரண்டாம் படி: கேபிள்காரரிடம் கேட்க வேண்டியவை

நம் ஊர்ப்பக்கம் ஃபைபர் லைன் பெரும்பாலும் உள்ளூர்க் கேபிள்காரர் வழியாகத்தான் வருகிறது. அவரிடம் நேராகவே கேளுங்கள்: "அண்ணே, நம்ம லைனுக்குத் தனி பப்ளிக் ஐபி வருதா, இல்ல எல்லாருக்கும் பொதுவா ஒண்ணா? மாசம் எத்தனை ஜிபிக்கு மேல ஸ்பீடு குறையும்? அப்லோடும் அந்தக் கணக்குல சேருமா?"

முதல் கேள்விக்கான பதிலை நீங்களே சரிபார்க்கலாம். ரௌட்டரின் நிலைப் பக்கத்தைத் திறந்து வெளி முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால், பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன என்று அர்த்தம். 10 என்று தொடங்கினாலும் அதேதான். அந்த நிலையில் வெளியிலிருந்து யாரும் உங்கள் கணினியை எட்ட முடியாது. ரிலேயும் ஓடாது, பிரிட்ஜும் ஓடாது. தனி ஐபிக்குக் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். கொடுக்க மனமில்லை என்றால், டார் தடுக்கப்பட்ட நாட்டில் இருப்பவருக்கு வழி விடும் ஸ்னோஃப்ளேக் என்ற சின்ன நிரல் இருக்கிறது. அது இந்தத் தடையைத் தாண்டி வேலை செய்யும், பிரவுசரில் ஒரு நீட்சியாகவே போட்டுக்கொள்ளலாம். ஸ்னோஃப்ளேக் போதும் என்கிறவர்களுக்கு இந்தக் கட்டுரையின் மிச்சம் தேவைப்படாது.

இரண்டாவது கேள்வி நியாயப் பயன்பாட்டு வரம்பு பற்றியது. 'அன்லிமிடெட்' என்று போட்டிருக்கும் பல பிளான்களில் மாதம் 3,300 ஜிபி என்ற எல்லை சிறு எழுத்தில் இருக்கும். அதைத் தாண்டினால் லைன் துண்டிக்கப்படாது, வேகம்தான் சில எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். அப்லோடு கணக்கில் சேருமா என்பதற்குத் தெளிவான பதில் கிடைக்காவிட்டால் சேரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே பிளான் விதிமுறையில் 'சர்வர் ஓட்டக் கூடாது' என்று ஏதாவது இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அடுத்து அப்லோடு வேகத்தை நீங்களே அளக்க வேண்டும், அதுவும் இரவு எட்டிலிருந்து பத்துக்குள். மத்தியானம் அளந்தால் லைன் காலியாக இருக்கும், எண் அழகாக வரும். வீட்டில் எல்லாரும் இருக்கும் நேரத்து எண்தான் உங்களுக்கு வேண்டியது. அளக்கும் கணினியை ரௌட்டரில் வயர் போட்டு இணையுங்கள். முகப்பில் இருக்கும் ரௌட்டரின் வைஃபை, நம் பழைய வீடுகளின் சுவர் கனத்தில், வளவைத் தாண்டி இரண்டாம் கட்டுக்கு வருவதற்குள் பாதி செத்துவிடும். ரிலே ஓடும் கணினியையும் வைஃபையில் விடாதீர்கள், அதற்கும் வயர்தான்.

அப்லோடில் நான் இவ்வளவு அழுத்தம் கொடுக்கக் காரணம் உண்டு. ரிலே வாங்கியதைத் திருப்பி அனுப்புகிறது, எனவே டவுன்லோடு எவ்வளவோ அவ்வளவு அப்லோடும் ஆகும். அப்லோடு நிரம்பிவிட்டால், டவுன்லோடு காலியாகவே இருந்தாலும் வீட்டில் எல்லாம் இழுக்கும், ஏனென்றால் வந்து சேர்ந்த தகவலுக்கு 'கிடைத்தது' என்று சொல்லும் சின்னப் பதில்களும் அதே அப்லோடு வரிசையில்தான் நிற்கின்றன. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் பார்ப்பதற்காகப் பூட்டிய வீட்டில் கேமரா போட்டிருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கேமராப் படம் முழுக்க அப்லோடுதான். எனவே ரிலேக்குக் கொடுக்கும் வேகம் இரவில் அளந்த அப்லோடில் பாதியைத் தாண்ட வேண்டாம்.

மூன்றாம் படி: கணக்கு

பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். மனதில் வைக்க வேண்டிய எண் ஒன்றே ஒன்று: 1 எம்பிபிஎஸ் வேகம் 30 நாள் நிற்காமல் ஓடினால் ஒரு திசையில் 324 ஜிபி. ரிலேயில் இரண்டு திசையும் சேர்ந்து 648 ஜிபி.

எப்படி என்றால், 1 எம்பிபிஎஸ் என்பது வினாடிக்கு 0.125 மெகாபைட். ஒரு நாளில் 86,400 வினாடி. பெருக்கினால் 10.8 ஜிபி. முப்பதால் பெருக்கினால் 324.

இப்போது 3,300 ஜிபி பிளானை எடுத்துக்கொள்வோம். முதலில் வீட்டுச் செலவு. ரௌட்டரிலோ வாடிக்கையாளர் செயலியிலோ போன மூன்று மாதப் பயன்பாட்டைப் பார்த்து, அதில் அதிகமான மாதத்தை எடுங்கள். சராசரி உதவாது. திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ உறவெல்லாம் வந்து வீடு நிறையும் மாதம்தான் எல்லை உடையும் மாதம். அது 700 ஜிபி என்று வையுங்கள். மிச்சம் 2,600.

அதில் 10 சதவீதத்தைத் தள்ளுங்கள், 2,340 வரும். ஏன் தள்ள வேண்டும்? டார் தன் கணக்கில் டிசிபிக்குள் (தரவைப் பொட்டலங்களாக அனுப்பும் விதிமுறை) போகும் தரவை மட்டும்தான் எண்ணுகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் தலைப்பும், தளத்தின் பெயரைச் சொல்லி ஐபி முகவரி கேட்கும் டிஎன்எஸ் கேள்விகளும் அதில் வராது. இணைய நிறுவனமோ எல்லாவற்றையும் எண்ணும்.

இன்னொரு வேறுபாட்டைப் பலரும் கவனிப்பதில்லை. டாருக்கு 1 ஜிபைட் என்றால் 1,024-ஐ மூன்று முறை பெருக்கியது, அதாவது சுமார் 107 கோடியே 37 லட்சம் பைட். நிறுவனத்துக்கு 1 ஜிபி பெரும்பாலும் சரியாக 100 கோடி பைட். வித்தியாசம் 7 சதவீதத்துக்கு மேல். டெராபைட் அளவில் 10 சதவீதம். எனவே 2,340-ஐ 1.0737-ஆல் வகுங்கள். 2,179 வருகிறது. கோப்பில் 2100 என்று எழுதுவோம்.

இந்த 2,100 நிறுவனத்தின் கணக்கில் சுமார் 2,255 ஜிபி. 648-ஆல் வகுத்தால் மாதம் முழுக்க ஏறத்தாழ 3.5 எம்பிபிஎஸ். 100 எம்பிபிஎஸ் லைன் வைத்திருக்கிறோம் என்ற எண்ணத்தில் இருந்தவருக்கு இந்த எண் சின்னதாகத்தான் தெரியும். ஆனால் உங்களால் மாதாமாதம் உண்மையிலேயே கொடுக்க முடிகிற அளவு இதுதான்.

நான்காம் படி: மெதுவாக ஓடுவதா, ஓடிவிட்டுத் தூங்குவதா

இந்த வழிகாட்டியில் நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் இதுதான், கொஞ்சம் நின்று படியுங்கள்.

குறைந்த மாத அளவைச் செலவழிக்க இரண்டு வழி இருக்கிறது. வேகத்தைக் குறைத்து மாதம் முழுக்க ஓடலாம். இல்லாவிட்டால் நல்ல வேகத்தில் ஓடி, அளவு தீர்ந்ததும் அடுத்த மாதம் வரை தூங்கலாம். டாரின் கையேடு இரண்டாவதைத்தான் சிபாரிசு செய்கிறது. எப்போதும் இருக்கும் மெதுவான ரிலேக்களைவிட, சில நாள் மட்டுமே இருந்தாலும் வேகமான ரிலேக்கள் பயனருக்கு உபயோகம் என்பது அதன் வாதம். பொது ரிலேக்கு இது முழுக்கச் சரி. வலையமைப்பின் பட்டியல் மணிக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. உங்கள் ரிலே தூங்கினால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும், பயனரின் டார் வேறொரு ரிலேயை எடுத்துக்கொள்ளும். அவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

பிரிட்ஜின் நிலைமை வேறு. உங்கள் பிரிட்ஜின் முகவரியை யாரோ ஒருவர் கேட்டு வாங்கி, தன் டார் பிரவுசரில் ஒட்டி வைத்திருக்கிறார். பதினோராம் தேதி நீங்கள் தூங்கப் போனால் அவருக்கு வாசல் அடைத்துவிட்டது. மாற்று முகவரி தேடுவதே அவர் இருக்கும் இடத்தில் ஆபத்தாக இருக்கலாம். எனவே பிரிட்ஜ் என்றால் மெதுவாக, விடாமல். பிரிட்ஜுக்கு 1 எம்பிபிஎஸ் இருந்தாலே போதும் என்பதுதான் டார் புராஜெக்டின் குறைந்தபட்ச அளவு, நம் கணக்கில் வந்த 3.5 அதைத் தாராளமாகத் தாண்டுகிறது. பொது ரிலேக்கு இரண்டு திசையிலும் 10 எம்பிபிஎஸ் குறைந்தபட்சம், 16 இருந்தால் நல்லது. 16 என்பது வினாடிக்கு 2 மெகாபைட். முதல் வாசலாக நிற்கும் கார்டு என்ற அடையாளம் பெறுவதற்கு அந்த வேகம் ஒரு முக்கியமான படி.

ஐந்தாம் படி: வேக வரிகள்

எழுத வேண்டிய கோப்பின் பெயர் டார்ஆர்சி. டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகள் இரண்டிலும் அது ஈடிசி அடைவுக்குள் (ஃபோல்டருக்குள்) டார் அடைவில் இருக்கும். கீழே வரிகளை உச்சரிப்புப்படி தமிழில் தந்திருக்கிறேன். கோப்பில் ஆங்கில எழுத்தில், ஒவ்வொரு அமைப்பின் பெயரையும் இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக அடிக்க வேண்டும்.

வீட்டுப் பிரிட்ஜுக்கு:

ரிலேபேண்ட்வித்ரேட் 3 எம்பிட்ஸ்
ரிலேபேண்ட்வித்பர்ஸ்ட் 12 எம்பிட்ஸ்

ரேட் என்பது சராசரி வேகம். பர்ஸ்ட் என்றால் என்ன என்பதில்தான் குழப்பம் வரும். வளவில் மழைத் தண்ணீர் பிடிக்க அண்டா வைப்போமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். கூரை ஓட்டிலிருந்து தண்ணீர் விழும் வேகம் ரேட், அண்டாவின் கொள்ளளவு பர்ஸ்ட். அண்டா நிறைந்திருந்தால் ஒரே மூச்சில் முழுவதையும் மொண்டு எடுக்கலாம். அதற்குப் பிறகு, விழுகிற தண்ணீர் அளவுக்குத்தான் எடுக்க முடியும். நிறைந்த பிறகு விழுவது வழிந்து போகும், சேர்த்து வைக்க முடியாது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகும். பர்ஸ்ட்டைக் கூட்டினால் மாத மொத்தம் கூடாது, ஏனென்றால் நீண்ட காலத்தில் ரேட்தான் மேல் எல்லை. ஒரு கணத்தில் எவ்வளவு பீறிடலாம் என்பது மட்டும் மாறும். பயனருக்கு ஒரு பக்கம் சட்டென்று திறக்கும். எனவே ரேட்டைப் போல மூன்று நாலு மடங்கு பர்ஸ்ட் வைக்க நான் தயங்குவதில்லை. பர்ஸ்ட் ரேட்டைவிடக் குறைவாக இருந்தால் மட்டும் டார் ஏற்காது. பர்ஸ்ட் வரியே எழுதாமல் விட்டால் ரேட்டின் எண்ணையே அதற்கும் எடுத்துக்கொள்ளும்.

எம்பிட்ஸ், எம்பைட்ஸ் இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். எம்பைட்ஸ் என்று எழுதினால் வேகம் எட்டு மடங்கு. 3 எம்பிட்ஸ் கொடுக்க நினைத்தவர் 3 எம்பைட்ஸ் என்று அடித்தால் அது 24 எம்பிபிஎஸ், நிரம்ப ஓடினால் மாத அளவு ஐந்து நாளில் காலி. எழுதியதும் அந்த ஓர் எழுத்தை இன்னொரு தடவை பாருங்கள்.

அடிமட்ட எல்லையும் உண்டு. பொது ரிலேக்கு வினாடிக்கு 75 கிலோபைட், பிரிட்ஜுக்கு 50 கிலோபைட். இதற்குக் கீழே வேலைக்காகாது. 250 கிலோபைட்டாவது கொடுங்கள் என்கிறது கையேடு, அது ஏறத்தாழ 2 எம்பிபிஎஸ்.

பேண்ட்வித்ரேட் என்று 'ரிலே' இல்லாமல் இன்னொரு அமைப்பும் இருக்கிறது. அது டார் நிரல் செய்யும் எல்லா வேலைக்கும் சேர்த்துப் போடும் வரம்பு. அதே கணினியில் உங்கள் சொந்த டார் பயன்பாடும் இருந்தால் அதையும் கட்டிவிடும். மற்றவர்களுக்காகக் கடத்தும் போக்குவரத்தை மட்டும் கட்ட, 'ரிலே' என்று தொடங்கும் இரண்டு வரிகளே போதும். மேக்ஸ்அட்வர்டைஸ்டுபேண்ட்வித் என்பது மூன்றாவது. வேகத்தைக் கட்டாமல், உலகுக்குச் சொல்லும் எண்ணை மட்டும் குறைக்கும். ராஸ்பெர்ரி பை போன்ற சின்னக் கணினியில் சிபியு திணறினால் அதைத் தொடுங்கள், மற்றபடி வேண்டாம்.

ஆறாம் படி: மாத வரிகள்

அக்கவுண்டிங்ஸ்டார்ட் மந்த் 1 00:00
அக்கவுண்டிங்ரூல் சம்
அக்கவுண்டிங்மேக்ஸ் 2100 ஜிபைட்ஸ்

முதல் வரி கணக்கு தொடங்கும் நாள். உங்கள் பில் சுழற்சி எந்தத் தேதியில் தொடங்குகிறதோ அதைப் போடுங்கள். 1 முதல் 28 வரைதான் ஏற்கும். பில் 30-ஆம் தேதி என்றால் 28 என்று போட்டு, அளவைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். நேரம் அந்தக் கணினியின் உள்ளூர் நேரம். வெளிநாட்டு விபிஎஸ் பெரும்பாலும் யுடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். நிறுவனத்தின் பில் எந்த நேரக் கணக்கில் ஓடுகிறதோ அதற்கு ஒத்துப்போக வேண்டும்.

இரண்டாவது வரிதான் பலர் தவறவிடுவது. அதை எழுதாவிட்டால் டார் 'மேக்ஸ்' என்ற விதியை எடுத்துக்கொள்ளும்: வந்ததும் போனதும் தனித்தனியாக எண்ணப்பட்டு, இரண்டில் ஒன்று எல்லையைத் தொட்டால்தான் தூங்கும். உங்கள் நிறுவனம் இரண்டையும் கூட்டி எண்ணுகிறது என்றால், 2,100 என்று நீங்கள் எழுதிய எல்லை உண்மையில் 4,200 வரை போகும். வீட்டு லைனுக்கு 'சம்' போடுங்கள், அதாவது கூட்டல். வெளியே போவதை மட்டும் எண்ணும் விபிஎஸ் என்றால் 'அவுட்'.

3 எம்பிட்ஸ் நிரம்ப ஓடினாலும் மாதம் சுமார் 2,040 ஜிபிதான் வரும். நாம் வைத்த எல்லை 2,255. எனவே பிரிட்ஜ் வழக்கமாக இந்த வேலியைத் தொடாது. அப்படியும் வேலி இருக்கட்டும். யாராவது கோப்பைத் திருத்தும்போது ஓர் எழுத்து மாறிவிட்டால் பில்லைக் காப்பாற்றுவது அதுதான்.

வாடகை சர்வருக்கும் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். வெளியே போவது மாதம் 4 டிபி (4,000 ஜிபி) என்று நிறுவனம் சொல்கிறது. 10 சதவீதம் தள்ளினால் 3,600. 1.0737-ஆல் வகுத்தால் 3,353. அக்கவுண்டிங்மேக்ஸ் 3300 ஜிபைட்ஸ், ரூல் அவுட், ரேட் 10 எம்பிட்ஸ், பர்ஸ்ட் 20 எம்பிட்ஸ். இந்த ரேட் நிரம்ப ஓடினால் 31 நாள் மாதத்தில் சுமார் 3,510 ஜிபி போகும். எல்லை சுமார் 3,540. வேலிக்கு உள்ளேயே மாதம் முடிந்துவிடும். விபிஎஸ் வாங்கப் போகிறவர்கள் இதைத் தலைகீழாகவும் பயன்படுத்தலாம்: குறைந்தபட்ச 10 எம்பிபிஎஸ்ஸை மாதம் முழுக்கக் கொடுக்க வேண்டும் என்றால் 4 டிபி பிளான் பார்த்து வாங்குங்கள். 2 டிபி பிளான்தான் கிடைத்தது என்றால் வேகத்தை 5-க்குக் குறைக்காதீர்கள். 10-லேயே வைத்து, தீர்ந்ததும் தூங்க விடுங்கள்.

தூக்கம் எப்படி நடக்கும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். மிச்சம் குறையும்போது டார் புது இணைப்புகளை ஏற்பதை நிறுத்திவிடும். முற்றிலும் தீர்ந்ததும் தூங்கிவிடும். அடுத்த சுழற்சி தொடங்கிய நிமிடத்திலேயே விழிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். எல்லா ரிலேக்களும் ஒன்றாம் தேதி ஒரே நேரத்தில் எழுந்துவிடாமல் இருக்க, ஒவ்வொன்றும் தற்செயலான ஒரு நேரத்தில்தான் எழும். இது தெரியாமல் ரிலே கெட்டுப்போய்விட்டது என்று அழித்துவிட்டு மறுபடி நிறுவத் தொடங்கிவிடாதீர்கள்.

ஏழாம் படி: சரிபார்த்து ஏற்றுவது

கோப்பைச் சேமித்ததும் டார் கட்டளையோடு வெரிஃபை-கான்ஃபிக் விருப்பத்தைக் கொடுத்துப் பிழை இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சிஸ்டம்சிடிஎல் ரீலோட் டார் என்ற கட்டளையைக் கொடுங்கள். ரீஸ்டார்ட் வேண்டாம், ரீலோட் போதும். ஓடிக்கொண்டிருக்கும் இணைப்புகள் அறுபடாது. வரம்பை மாற்றும் ஒவ்வொரு முறையும் இதே பழக்கம்தான்.

டார் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பதிவில் 'ஹார்ட்பீட்' என்று ஒரு வரி எழுதும். எத்தனை நேரமாக ஓடுகிறது, எத்தனை சர்க்யூட் (பயனரின் தரவு போகும் பாதை) திறந்திருக்கிறது, எத்தனை ஜிபி அனுப்பியது, எத்தனை ஜிபி வாங்கியது எல்லாம் அதில் இருக்கும். மாத வரம்பு போட்டிருந்தால் இந்தச் சுழற்சியில் செலவானதும், சுழற்சி எப்போது முடிகிறது என்பதும் கூடவே வரும். அனுப்பியதும் வாங்கியதும் ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும். நேரடியாகப் பார்க்க ஆசை என்றால் நிக்ஸ் என்ற கருவி கறுப்புத் திரையில் வரைபடமே போட்டுக் காட்டும்.

டார் சொல்வதை மட்டும் நம்பாமல் விஎன்ஸ்டாட்டையும் நிறுவுங்கள். அது நெட்வொர்க் கார்டு வழியே போன எல்லாவற்றையும் எண்ணுகிறது, தலைப்புகள் உட்பட. முதல் மாத முடிவில் மூன்று எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்: டாரின் எண், விஎன்ஸ்டாட் எண், நிறுவனத்தின் எண். நிறுவன எண்ணில் வீட்டுச் செலவும் சேர்ந்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம். நாம் தள்ளி வைத்த 10 சதவீதம் அதிகமா குறைவா என்பது அப்போது தெரிந்துவிடும், அடுத்த மாதத்துக்கு அதற்கேற்பத் திருத்தலாம்.

முதல் சில வாரங்கள்

புது ரிலேக்குப் போக்குவரத்து உடனே வராது. நீங்கள் எவ்வளவு கொடுப்பதாகச் சொன்னாலும், டாரின் அளவிடும் சர்வர்கள் தாங்களே சோதித்துப் பார்த்துத்தான் மதிப்பெண் போடும். அது வரை சொட்டுச் சொட்டாகத்தான் வரும். கார்டு அடையாளம் கிடைக்க எட்டு நாளாவது ஆக வேண்டும். அளவிடும் சர்வர்களிலிருந்து தொலைவில் இருக்கும் ரிலேக்களுக்கு மதிப்பெண் குறைவாகவே கிடைக்கும் என்பதால், இந்தியாவிலிருக்கும் ரிலே நீங்கள் வைத்த எல்லை வரை நிரம்பாமலே போகலாம். பிரிட்ஜ் பல நாள் சும்மா இருக்கும். எண் குறைவாக இருக்கிறதே என்று வரம்பை உயர்த்திவிடாதீர்கள். ஒரு முழு மாதக் கணக்கு கைக்கு வந்த பிறகு தொடுங்கள்.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் நமக்குத் தெரிந்ததுதான்: காலையில் போனால் சாயங்காலம் வரும். ராஸ்பெர்ரி பையும் ரௌட்டரும் சேர்ந்து இழுப்பது சொற்ப மின்சாரம். வீட்டு இன்வெர்ட்டரில் இரண்டையும் கோத்துவிட்டால் உங்கள் பக்கம் நிற்காது. கேபிள்காரரின் பெட்டிக்கு பேட்டரி இருக்கிறதா என்பதையும் கேட்டு வையுங்கள். மின்சாரம் போய் வந்தால் மாதக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குமோ என்ற கவலை வேண்டாம். டார் அதைத் தன் தரவு அடைவில் 'ஸ்டேட்' என்ற கோப்பில் எழுதி வைத்திருக்கிறது, விட்ட இடத்திலிருந்து தொடரும்.

அந்தத் தரவு அடைவுக்குள் 'கீஸ்' என்ற அடைவு இருக்கிறது. உங்கள் ரிலேயின் அடையாளமே அதுதான். ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து, மறையாக்கம் செய்து பத்திரமாக வையுங்கள். எஸ்டி கார்டு செத்துப்போனாலும், நாளை விபிஎஸ்ஸை வேறு நிறுவனத்துக்கு மாற்றினாலும், அந்த அடைவைப் புது இடத்தில் வைத்தால் அதே ரிலேயாகவே தொடரலாம். சேர்த்த மதிப்பும் பெரும்பாலும் கூடவே வரும். மாற்றும்போது பழைய இடத்தில் டாரை நிறுத்திய பிறகு புது இடத்தில் தொடங்குங்கள், ஒரே அடையாளத்தோடு இரண்டு கணினி ஒரே நேரத்தில் ஓடக் கூடாது. புது நிறுவனத்தின் பில் தேதி, எண்ணும் முறை, நேரக் கணக்கு மூன்றையும் கேட்டுக்கொண்டு, ஆறாம் படியின் மூன்று வரிகளையும் முதல் நாளே திருத்திவிடுங்கள்.